கலங்கரை விளக்கமும் கைப்பேசியும்

சென்ற கோடை விடுமுறையில், ஐந்தாம் வகுப்பு முடித்திருந்த என் பேத்தியை எங்கள் நகரத்துப் பூங்காவுக்கு அழைத்துச் சென்றிருந்தேன். அங்கே புதிதாக ஓர் ஒளி நீரூற்று அமைத்திருக்கிறார்கள். பார்வையாளர்கள் தங்கள் கைப்பேசியைக் கொண்டே நீரின் வண்ணத்தையும் உயரத்தையும் மாற்றலாம் என்று அறிவிப்புப் பலகை கூறியது. அதிலிருந்த கியூஆர் குறியீட்டைப் படம் பிடித்ததும் செயலி ஒன்று இறங்கியது. முதலில் கைப்பேசி எண்ணைக் கேட்டது. பிறகு என் இருப்பிடத்தை அறிய அனுமதி கேட்டது. அதன் பிறகு, நான் சேமித்து வைத்திருக்கும் தொடர்பு எண்கள் அனைத்தையும் பார்க்க அனுமதி கேட்டது. நீரின் நிறத்தைச் சிவப்பிலிருந்து பச்சைக்கு மாற்றுவதற்கு என் சம்பந்தியின் தொலைபேசி எண் எதற்கு என்று எனக்கு விளங்கவில்லை. மறுத்தேன். செயலி மூடிக்கொண்டது.

'எல்லாரும் குடுத்துட்டாங்க தாத்தா' என்றாள் பேத்தி.

முப்பது ஆண்டுகளுக்கும் மேலாகக் கல்லூரியில் பொருளியல் கற்பித்தவன் நான். பொது நிதியியல் பாடத்தின் முதல் வகுப்பில் ஆண்டுதோறும் ஒரே உதாரணத்தைத்தான் சொல்வேன்: கலங்கரை விளக்கம். அதன் ஒளியை ஒரு மாலுமி பார்ப்பதால் மற்றொரு மாலுமிக்குக் கிடைக்கும் ஒளி குறைந்துவிடுவதில்லை. பணம் கொடுக்காத கப்பலுக்கு மட்டும் ஒளியை மறைக்கவும் முடியாது. எனவே அதைச் சந்தையிடம் விட்டுவிட முடியாது. அரசுதான் ஏற்ற வேண்டும். ஜான் ஸ்டூவர்ட் மில் தொடங்கி பால் சாமுவேல்சன் வரை பலரும் எடுத்தாண்ட உதாரணம் இது. பூங்காவிலிருந்து வீடு திரும்பும் வழியில், அந்தப் பாடத்தை நான் முழுமையாக நடத்தவில்லையோ என்ற ஐயம் எழுந்தது. ஒளியைப் பார்ப்பதைப் பற்றி மட்டுமே பேசியிருக்கிறேன். ஒளியை இயக்கும் உரிமையைப் பற்றிப் பேசியதே இல்லை.

அந்த உரிமையை நான் முதன்முதலில் அனுபவித்தது பெர்லினில். 2001 டிசம்பரில் ஒரு கருத்தரங்குக்காக அங்கே சென்றிருந்தேன். மாலை நான்கு மணிக்கெல்லாம் இருட்டிவிடும் பருவம். அலெக்சாண்டர்பிளாட்ஸ் சதுக்கத்தில் 'ஆசிரியர் இல்லம்' என்ற உயரமான கட்டடம் நிற்கிறது. கிழக்கு ஜெர்மனி அரசு 1960-களில் எழுப்பியது. அதன் நடுப்பகுதியைச் சுற்றி வால்டர் வோமாக்கா என்ற ஓவியர் உருவாக்கிய மாபெரும் வண்ணக்கல் சித்திரப் பட்டை ஓடுகிறது. உழைப்பாளரும் விஞ்ஞானிகளும் குழந்தைகளும் எப்படி மகிழ்ச்சியாக வாழ வேண்டும் என்று அன்றைய அரசு தீர்மானித்த காட்சி அது. நான் சென்றபோது அக்கட்டடம் சீரமைப்புக்காகக் காத்திருந்தது. சித்திரப் பட்டைக்கு மேலே இருந்த எட்டுத் தளங்களில், தளத்துக்குப் பதினெட்டு வீதம் 144 சன்னல்கள். ஒவ்வொரு சன்னலின் பின்னும் ஒரு விளக்கு. எல்லா விளக்குகளும் ஒரு கணினியுடன் இணைக்கப்பட்டிருந்தன. கண்ணாடிகளுக்கு வெள்ளை பூசியிருந்ததால், விளக்கு எரியும்போது சன்னல் முழுவதும் ஒரே சீரான ஒளிக்கட்டமாகத் தெரிந்தது.

கேயாஸ் கம்ப்யூட்டர் கிளப் என்ற கணினி ஆர்வலர் அமைப்பு தன் இருபதாம் ஆண்டு நிறைவையொட்டி, 2001 செப்டம்பரில் இதைத் தொடங்கியது. பெயர் 'பிளிங்கன்லைட்ஸ்'. வெறும் 144 புள்ளிகள் கொண்ட திரையில் என்ன காட்ட முடியும் என்று தோன்றலாம். ஓர் இதயம் துடித்தது. ஒரு மீன் நீந்தியது. வீட்டிலிருந்தபடியே எவரும் ஒரு சிறு அசைபடம் வரைந்து அனுப்பி வைக்கலாம். அதற்கென ஓர் எண் தரப்படும். பிறகு சதுக்கத்தில் நின்று, கைப்பேசியில் அழைத்து அந்த எண்ணை அழுத்தினால், அனுப்பிய படம் கட்டடத்தின் மேல் தோன்றும். காதல் கடிதங்களை அவ்வாறு அனுப்பினார்கள்.

என்னை அழைத்துச் சென்ற ஜெர்மானியப் பேராசிரியர் தம் கைப்பேசியை என்னிடம் நீட்டினார். குறிப்பிட்ட எண்ணுக்கு அழைத்ததும் கட்டடத்தின் மேல் 'பாங்' விளையாட்டு தொடங்கியது. மேசைப் பந்தாட்டத்தைப் போன்ற பழைய கணினி விளையாட்டு அது. விசைகளை அழுத்த அழுத்த, சன்னல்களால் ஆன என் மட்டை மேலும் கீழும் நகர்ந்தது. சிறிது நேரத்தில் வேறொருவர் அழைத்து எதிர்ப்பக்கத்தில் சேர்ந்துகொண்டார். சதுக்கத்தில் நின்றவர்களில் யார் அவர் என்று சுற்றிப் பார்த்தேன், கண்டுபிடிக்க முடியவில்லை. தோற்றுப் போனேன். குளிரில் விரல்கள் விறைத்திருந்தன என்று இன்றும் சமாதானம் சொல்லிக்கொள்கிறேன்.

கீழே, அரசு தீர்மானித்த சித்திரம் அசையாமல் இருந்தது. மேலே, வழிப்போக்கர்கள் தீர்மானித்த சித்திரம் மாறிக்கொண்டே இருந்தது. அந்த ஒளிக்காட்சி 2002 பிப்ரவரியில் நிறைவுற்றது. அதே குழுவினர் அவ்வாண்டு பாரிஸில் பிரான்ஸ் தேசிய நூலகத்தின் கோபுரம் ஒன்றில் 520 சன்னல்களையும், 2008-இல் டொரான்டோ நகரமன்றத்தின் இரட்டைக் கோபுரங்களில் 960 சன்னல்களையும் இதே முறையில் ஒளிரச் செய்தார்கள். இயக்கும் மென்பொருளின் மூல நிரலை எவரும் எடுத்துப் பயன்படுத்தும்படி வெளியிட்டார்கள்.

இப்போது பொருளியலுக்கு வருகிறேன். அந்தக் கட்டடத்தைப் பார்ப்பது கலங்கரை விளக்கத்தைப் பார்ப்பதைப் போன்றதே. ஆயிரம் பேர் பார்க்கலாம். யாருடைய காட்சியும் குறையாது. ஆனால் மட்டையை ஆட்டுவது அப்படியன்று. நான் ஆடும்போது மூன்றாவது ஆள் ஆட முடியாது. அவருக்கு இணைப்பு கிடைக்காது. ஆக, பார்க்கும் நிலையில் தூய பொதுப்பண்டமாக இருப்பது, பங்கேற்கும் நிலையில் போட்டிக்குரிய பண்டமாகிவிடுகிறது. அங்கே வரிசை உருவாகிறது. வரிசை உருவாகும் இடத்தில், அதை யார் நிர்வகிப்பது, நுழைவுக்கு விலை என்ன, அந்த விலை பணமா வேறொன்றா என்ற கேள்விகள் எழுகின்றன. மக்கள் பங்கேற்கும் பொதுக்கலையைப் பற்றிய விவாதங்களில் கலைஞர்களும் பொறியாளர்களும் நிறையப் பேசுகிறார்கள். இந்த வரிசையைப் பற்றி யாரும் அதிகம் பேசுவதில்லை.

வரிசையை மிக அழகாகக் கையாண்டவராக நான் கருதுவது மெக்சிகோவில் பிறந்து கனடாவில் வாழும் ரஃபேல் லோசானோ-ஹெம்மர் என்ற கலைஞரை. புத்தாயிரம் பிறந்தபோது, மெக்சிகோ நகரின் சோக்கலோ சதுக்கத்தைச் சுற்றிப் பதினெட்டு வான் நோக்கும் விளக்குகளை நிறுவினார். உலகில் எங்கிருந்தும் இணையம் வழியாக அந்த ஒளிக்கதிர்களின் கோணங்களை வடிவமைத்து அனுப்பலாம். வந்தவை வந்த வரிசையில் வானில் தோன்றின. ஒவ்வொன்றுக்கும் தனி இணையப் பக்கம் உருவாக்கி, வடிவமைத்தவரின் பெயரையும் அவருடைய வடிவம் வானில் தோன்றிய தருணத்தின் ஒளிப்படத்தையும் அதில் வெளியிட்டார்கள். 89 நாடுகளிலிருந்து எட்டு லட்சம் பேர் கலந்துகொண்டதாகக் கணக்கு. நாட்டின் அதிபர் மாளிகையும் பேராலயமும் சூழ நிற்கும் சதுக்கத்தின் வானம், சில நொடிகளுக்கு ஒருமுறை வேறொரு சாமானியனுடையதாக இருந்தது.

2003-இல் ஜப்பானின் யாமகுச்சி நகரில் அவர் செய்தது இதைவிட நுட்பமானது. கைப்பேசியிலிருந்தோ கணினியிலிருந்தோ ஒருவருக்குக் குறுஞ்செய்தி அனுப்பினால், அது உடனே போய்ச் சேராது. எழுத்துகள் ஒளித்துடிப்புகளாக மாற்றப்பட்டு, இருபது வான் விளக்குகளின் வழியே மின்மினிபோலக் கண்சிமிட்டிக்கொண்டு நகரத்து வானில் அலையும். யாராவது அதைப் 'பிடித்து'ப் படிக்கும் வரை அங்கேயே இருக்கும். கைப்பேசி நிறுவனங்கள் வேகத்தை விற்றுக்கொண்டிருந்த காலத்தில், ஒரு செய்தியைத் தாமதப்படுத்துவதற்காக இவ்வளவு மின்சாரம் செலவிட்டார்கள். வீண் செலவு என்று என் சக பேராசிரியர் ஒருவர் வாதிட்டார். நான் மறுக்கவில்லை, தேர்த் திருவிழாவும் அந்தக் கணக்கில் வீண் செலவுதான் என்று மட்டும் சொன்னேன்.

தேரைச் சொன்னதும் ஒன்று நினைவுக்கு வருகிறது. பார்வையாளர் கை கொடுக்காவிட்டால் நிகழவே முடியாத கலை நமக்குப் புதிதன்று. வடம் பிடிக்க ஆளில்லாவிட்டால் தேர் நிலையிலேயே நிற்கும். அந்த வடத்தைத் தொடும் உரிமை எல்லாருக்கும் ஒரே மாதிரி கிடைத்துவிடவில்லை என்பதும், பல ஊர்களில் அதற்காகப் போராட வேண்டியிருந்தது என்பதும் நாம் அறிந்தவை. பங்கேற்பு என்ற சொல்லைக் கேட்டவுடன் மகிழ்ந்துவிடாமல், யாருடைய பங்கேற்பு என்று கேட்கும் பழக்கம் நமக்கு அந்த வரலாற்றிலிருந்து வந்திருக்க வேண்டும்.

அதே 2001-இல், ஆஸ்திரியாவின் லின்ஸ் நகரில் கோலன் லெவின் என்ற கலைஞரும் அவருடைய குழுவினரும் நிகழ்த்திய ஓர் இசை நிகழ்ச்சியையும் குறிப்பிட வேண்டும். அரங்குக்குள் நுழையும் பார்வையாளர்கள் தங்கள் கைப்பேசி எண்ணைப் பதிவு செய்தார்கள். அவர்களுடைய கைப்பேசிகளில் புதிய அழைப்பொலிகள் ஏற்றப்பட்டன. யார் எங்கே அமர வேண்டும் என்று இருக்கை எண் தரப்பட்டது. பிறகு மேடையிலிருந்து கணினி வழியாக அந்தக் கைப்பேசிகளை அழைத்தார்கள். ஏறத்தாழ இருநூறு கைப்பேசிகள், எழுதப்பட்ட இசைக்குறிப்பின்படி மாறி மாறி ஒலித்தன. ஒலிக்கும் இருக்கையில் அமர்ந்திருப்பவர் மீது ஒளி விழுந்தது. கச்சேரியில் கைப்பேசி ஒலித்தால் முகம் சுளிக்கும் நாம், கைப்பேசி ஒலிப்பதே கச்சேரியானால் என்ன செய்வோம்?

இதைப் படித்தபோது என்னை ஈர்த்தது அழகியல் அன்று, சிக்கனம். அந்த அழைப்புகளை யாரும் எடுக்கவில்லை. எடுக்காத அழைப்புக்குக் கட்டணம் இல்லை. அதாவது, அந்தக் கச்சேரி முழுவதும் நாம் 'மிஸ்டு கால்' என்று சொல்லும் பொருளால் ஆனது. 2003 வரை நம் நாட்டில் உள்வரும் அழைப்புக்கும் கைப்பேசி வைத்திருப்பவர் கட்டணம் செலுத்த வேண்டியிருந்தது. அந்தக் காலத்திலும் அதன் பின்னும், காசில்லாமல் செய்தி சொல்ல இந்தியர்கள் கண்ட வழி அது. ஒரு முறை அடித்தால் 'வந்துவிட்டேன்', இரு முறை அடித்தால் 'திரும்ப அழை'. பொருளாதார நெருக்கடியில் பிறந்த நம் வழக்கத்தை அவர்கள் கலைக்குப் பயன்படுத்திவிட்டார்கள். இங்கே அது மிஞ்சிப்போனால் கட்சிகளின் உறுப்பினர் சேர்க்கைக்கும் விளம்பரங்களுக்கும் பயன்பட்டது.

ஆனால் விளையாட்டும் வியப்பும் மட்டுமே இந்தக் கலையின் எல்லை என்று எண்ணிவிடக் கூடாது. 1968 அக்டோபர் 2-ஆம் தேதி, ஒலிம்பிக் போட்டிகள் தொடங்குவதற்குப் பத்து நாள்களுக்கு முன், மெக்சிகோ நகரின் த்லாத்தெலோல்கோ சதுக்கத்தில் கூடியிருந்த மாணவர்களும் பொதுமக்களும் சுட்டுக் கொல்லப்பட்டார்கள். இறந்தவர் எத்தனை பேர் என்பது இன்றும் தீராத சர்ச்சை. நாற்பது ஆண்டுகள் கழித்து, 2008-இல், அந்த நினைவுக்காக லோசானோ-ஹெம்மர் 'உரத்த குரல்' என்று பொருள்படும் ஒரு படைப்பை அதே இடத்தில் நிறுவினார். கொலை நிகழ்ந்த சதுக்கத்தில் ஓர் ஒலிபெருக்கி. அதில் எவரும் வந்து பேசலாம். பேசப் பேச, குரலின் ஏற்ற இறக்கத்துக்கேற்ப ஒரு வான் விளக்கு கண்சிமிட்டும். அந்த ஒளி அருகிலிருந்த முன்னாள் வெளியுறவு அமைச்சகக் கட்டடத்தின் உச்சியில் பட்டதும், அங்கிருந்து மேலும் மூன்று விளக்குகள் அதே துடிப்பை நகரத்தின் மூன்று திசைகளுக்கு அனுப்பும். வானில் ஒளி துடிப்பதைக் கண்டவர், அது என்ன சொல்கிறது என்று அறிய விரும்பினால், பல்கலைக்கழக வானொலியின் 96.1 பண்பலையைத் திருப்பினால் போதும். பேசுபவரின் குரல் நேரடியாகக் கேட்கும். பேச யாரும் இல்லாதபோது, உயிர் பிழைத்தவர்களின் பழைய ஒலிப்பதிவுகள் ஒலித்தன. அப்போதும் விளக்கு ஓயவில்லை.

தணிக்கை இல்லை. முன் அனுமதி இல்லை. பேசுபவரிடம் பெயரோ எண்ணோ கேட்கப்படவில்லை. அரசின் துப்பாக்கி ஒருகாலத்தில் அடக்கிய இடத்தில், அடையாளம் காட்டாமல் பேசும் வாய்ப்புதான் அந்தப் படைப்பின் உயிர். என் பேத்தியின் நீரூற்றுச் செயலியை அதற்கு அருகே வைத்துப் பார்க்கும்போது, தொழில்நுட்பத்தில் நாம் எவ்வளவு முன்னேறி, வேறு எதில் எவ்வளவு பின்னடைந்திருக்கிறோம் என்று தோன்றுகிறது.

இங்கே ஒரு மறுப்பை நேர்மையாகப் பதிவு செய்ய வேண்டும். 'நம் ஊர்ச் சதுக்கத்தில் தணிக்கையில்லாத ஒலிபெருக்கியை வைத்தால், ஒரு மணி நேரத்தில் சாதிப் பெயர் வந்துவிடும் சார்' என்றார், நகராட்சியில் பொறியாளராக ஓய்வு பெற்ற என் நண்பர். அவரை என்னால் முழுமையாக மறுக்க முடியவில்லை. ஆனால் நீரூற்றின் நிறத்தை மாற்றுபவர் யாரையும் திட்ட முடியாது. அங்கே அடையாளம் கேட்பதற்கு இந்தக் காரணமும் இல்லை.

பிறகு எதற்காகக் கேட்கிறார்கள்? பதில் எளிது: அதுதான் கட்டணம். பொருளியலறிஞர் ரொனால்டு கோஸ் 1974-இல் எழுதிய ஒரு கட்டுரையில், இங்கிலாந்தின் கலங்கரை விளக்கங்களை எப்போதும் அரசே தன் பணத்தில் நடத்தவில்லை, துறைமுகத்துக்கு வரும் கப்பல்களிடம் கட்டணம் வசூலித்து நடத்தினார்கள் என்று காட்டினார். ஒளியை மறைக்க முடியாவிட்டாலும், கப்பல் கரையடையும் இடத்தில் பணம் வாங்க முடிந்தது. இன்றைய பொது ஒளிக்கலைக்கு அந்தத் துறைமுகம் நம் கைப்பேசி. அங்கேதான் வசூல் நடக்கிறது. வசூலாவது ரூபாய் அல்ல என்பதால் ரசீது தருவதில்லை.

பொதுக்கலை தனியார் தொழிலின் மூலப்பொருளாக மாறியதற்கு 2016-இல் வெளியான 'போக்கிமான் கோ' விளையாட்டே பெரிய உதாரணம். ஊர்தோறும் உள்ள சிலைகள், சுவரோவியங்கள், நினைவுச் சின்னங்கள், வழிபாட்டுத் தலங்கள் ஆகியவை அந்த விளையாட்டின் நிலையங்களாயின. அவற்றைச் செதுக்கிய சிற்பிக்கோ பராமரிக்கும் நகராட்சிக்கோ அதில் பங்கு ஏதும் இல்லை. வாஷிங்டனிலுள்ள யூத இனப் படுகொலை நினைவு அருங்காட்சியகம், தன் வளாகத்தில் விளையாட வேண்டாம் என்று வேண்டுகோள் விடுக்க நேர்ந்தது. வழிபாட்டுத் தலங்களில் முட்டைகள் தோன்றுவதாகக் கூறி குஜராத் உயர் நீதிமன்றத்தில் பொதுநல வழக்கும் தொடுக்கப்பட்டது. ஜப்பானில் மெக்டொனால்ட்ஸ் உணவகங்கள் கட்டண அடிப்படையில் விளையாட்டு நிலையங்களாயின. 2025-இல் அந்நிறுவனம் தன் விளையாட்டுப் பிரிவை 350 கோடி டாலருக்கு விற்பதாக அறிவித்தது. கோடிக்கணக்கானோரைத் தெருவில் நடக்க வைத்த விளையாட்டு அது என்பதையும், பலர் தங்கள் ஊரின் சிலைகளை அப்போதுதான் முதன்முதலாகக் கவனித்தார்கள் என்பதையும் நான் மறுக்கவில்லை. பயன் இருந்தது. அந்தப் பயனிலிருந்து கிடைத்த வருவாயின் பங்கீடுதான் என் கேள்வி.

இன்னொரு மாற்றத்தையும் யாரும் கணக்கிடுவதில்லை. பெர்லின் கட்டடத்தில் விளையாட, எண் விசைகள் கொண்ட எந்தக் கைப்பேசியும் போதும். யாமகுச்சியில் குறுஞ்செய்தி போதும். 2014-இல் கனடாவின் வான்கூவர் நகரில், ஜேனட் எக்கல்மனும் ஆரன் கோப்லினும் 745 அடி நீள வலைச் சிற்பத்தை வானில் கட்டித் தொங்கவிட்டபோது, அதன் மீது ஒளியால் வரையத் தொடுதிரையும் இணைய உலாவியும் தேவைப்பட்டன. காண்பதற்கு அது பேரழகு, அதில் ஐயமில்லை. இப்போது நம் பூங்காவில் வரிசையில் நிற்க, புதிய அறிதிறன்பேசி, இணைய இணைப்பு, செயலி, அதன் நிபந்தனைகளுக்குச் சம்மதம் ஆகிய அனைத்தும் வேண்டும். கருவி வளர வளர வாசல் குறுகிவிட்டது. பூங்காவுக்கு நாள்தோறும் வரும் துப்புரவுப் பணியாளர்களிலும் முதிய பெண்களிலும் எத்தனை பேரால் அந்த வாசலைக் கடக்க முடியும்?

2023-இல் நாடாளுமன்றம் இயற்றிய எண்மத் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம், குறிப்பிட்ட நோக்கத்துக்குத் தேவையான தரவுக்கு மட்டுமே சம்மதம் செல்லும் என்கிறது. நீரூற்றின் நிறத்தை மாற்றத் தொடர்பு எண்களின் பட்டியல் தேவையில்லை என்பதற்கு வழக்குரைஞர் வேண்டியதில்லை. ஆனால் வழக்குத் தொடுத்துத் தீர்க்கும் அளவுக்கு இது சிக்கலானதும் அன்று. ஒப்பந்தப்புள்ளி கோரும் ஆவணத்திலேயே தீர்த்துவிடலாம். பொதுப் பணத்தில் நிறுவப்படும் எந்த ஊடாடும் கலைப்பொருளும் சாதாரணக் கைப்பேசியில் இயங்க வேண்டும் என்று ஒரு வரி. ஒரு மிஸ்டு கால் கொடுத்தால், அழைத்தவர் எண்ணின் கடைசி இலக்கத்துக்கேற்ப நிறம் மாறும்படி செய்ய எந்தப் பொறியியல் மாணவராலும் முடியும். அந்த எண்களை அன்றிரவே அழித்துவிட வேண்டும் என்று இன்னொரு வரி. மூல நிரல் நகராட்சிக்குச் சொந்தமாக வேண்டும். இல்லாவிட்டால் ஒப்பந்த நிறுவனம் போனதும் நீரூற்றும் நின்றுவிடும். பராமரிப்புக்கு ஆண்டுதோறும் தனி நிதி ஒதுக்க வேண்டும். திறப்பு விழாவுக்கு ஒதுக்கும் அக்கறையில் பாதி இருந்தாலும் போதும்.

இவற்றையெல்லாம் ஒரு கடிதமாக எழுதி உரிய அலுவலகத்துக்குப் பதிவு அஞ்சலில் அனுப்பினேன். பெற்றுக்கொண்டதற்கான ஒப்புகை அட்டை மட்டும் வந்திருக்கிறது.

சென்ற வாரம் மறுபடியும் பூங்காவுக்குச் சென்றேன். நீரூற்றின் பின்னாலிருந்த சிறிய அறையின் கதவு திறந்திருந்தது. காவலாளி, நாற்பது வயது இருக்கும், உள்ளே ஒரு பலகையின் முன் அமர்ந்திருந்தார். பலகையில் ஆறு பொத்தான்கள். செயலி அடிக்கடி வேலை செய்யாமல் போவதால், கையால் இயக்க அவரிடம் சொல்லியிருக்கிறார்களாம். வாசலில் மல்லிகைச் சரம் விற்கும் ஒரு மூதாட்டி கூடையை இறக்கி வைத்துவிட்டு, கதவருகே நின்று உள்ளே எட்டிப் பார்த்தார்.

'என்ன கலர் ஆயா இன்னைக்கு?' என்று கேட்டார் காவலாளி.

'மஞ்சள் போடு சாமி. நேத்து பச்சை போட்டியே, அது வேணாம்.'

பொத்தானை அழுத்தினார். நீர் மஞ்சளாயிற்று.